கையே கண்ணான வைத்தியர்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் போதும். எண்ணெய்க் கிண்ணத்தோடு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தலையில் தொடங்கிப் பாதம் வரை எண்ணெய் தேய்த்து, பிடித்து, உருவி, தட்டி விடுவார்கள். அதன் பிறகு அருவியில் போய் நின்றால், உடம்பில் இருந்த வலியெல்லாம் சிற்றாற்றில் கலந்து தாமிரபரணிக்கே போய்விட்டது போல் இருக்கும்.

இந்த வேலைக்குக் கண் எவ்வளவு வேண்டும்? யோசித்துப் பார்த்தால் அவ்வளவாக வேண்டாம். எந்த இடத்தில் சதை கல்லாக இறுகியிருக்கிறது, எங்கே நரம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விரல்தான் சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையிலும் குமரி மாவட்டத்திலும் உள்ள வர்ம ஆசான்களைக் கேட்டால் அவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

இந்த உண்மையை ஒரு தேசம் 300 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது. கண்ணில்லாதவர்களுக்கு உடம்பு பிடிக்கும் வித்தையையும் ஊசி குத்தும் வைத்தியத்தையும் முறையாகக் கற்றுக்கொடுத்து, அவர்களைச் சொந்தக் காலில் நிற்க வைத்தது. அந்தத் தேசம் ஜப்பான். அதற்குக் காரணமாக இருந்தவர் கண்ணில்லாத ஒரு மனிதர். சுகியாமா வாயிச்சி என்பது அவர் பெயர்.

சாமுராய் வீட்டுப் பிள்ளை

வாயிச்சி பிறந்தது 1610-ஆம் ஆண்டு. அப்போது நெல்லைச் சீமை மதுரை நாயக்கர்களின் ஆட்சியில் இருந்தது. திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வர இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன.

ஜப்பானில் இசே என்ற நாட்டில், ட்சு என்ற கடற்கரை ஊர் அவருடைய சொந்த ஊர். தகப்பனார் ஒரு சாமுராய். அதாவது, பிரபு ஒருவரிடம் வாளேந்திச் சேவகம் செய்த போர்வீரர். அந்தக் காலத்து ஜப்பானில் சாமுராய் என்றால் தனி மரியாதை. இடுப்பில் 2 வாள் செருகிக்கொண்டு வீதியில் நடந்தால் மற்றவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். அப்பாவுக்குப் பிறகு மகன் அதே உத்தியோகத்துக்கு வருவான். பிறக்கும்போதே பிழைப்பும் நிச்சயம், மரியாதையும் நிச்சயம்.

ஆனால் சிறு வயதிலேயே பையனுக்கு நோய் வந்தது. நோய் போகும்போது கண்ணையும் கொண்டுபோய்விட்டது.

வாள் பிடிக்க வேண்டிய கை இனி என்ன செய்யும்? வீட்டில் ஒரு மூலையில் உட்கார வைத்துச் சோறு போட்டுக் காப்பாற்றலாம். வசதியுள்ள குடும்பங்கள் அப்படித்தான் செய்தன. பெற்றவர்கள் உள்ளவரை சோறு கிடைக்கும். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி வீட்டுத் திண்ணைதான். பையன் அந்தத் திண்ணையை விரும்பவில்லை.

பெயருக்குப் பின்னால் ஒரு இச்சி

ஜப்பானில் அப்போது ஒரு விசேஷம் இருந்தது. கண்ணில்லாத ஆண்களுக்கென்று ஒரு பெரிய சங்கம் இருந்தது. டோடோசா என்று அதற்குப் பெயர். நம் ஊர் வீணையைப் போன்ற பீவா என்ற வாத்தியத்தை மீட்டி, பழைய யுத்தக் கதைகளைப் பாடிப் பிழைத்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய சங்கம் அது. பிறகு மற்ற வாத்தியக்காரர்கள் சேர்ந்தார்கள். உடம்பு பிடிப்பவர்கள் சேர்ந்தார்கள். ஊசி வைத்தியர்களும் சேர்ந்தார்கள்.

சங்கத்துக்குள் படிப்படியாகப் பல பதவிகள் உண்டு. கீழே இருப்பவர் சாட்டோ. உச்சியில் இருப்பவர் கெங்கியோ. கெங்கியோ ஆகிவிட்டால் பெரிய மனிதர்தான். பட்டு உடுத்தலாம், பல்லக்கில் போகலாம். ஆனால் மேலே ஏற வித்தை மட்டும் போதாது, பணமும் கட்ட வேண்டும். வட்டிக்குக் கொடுத்துப் பணம் சேர்த்துப் பதவி வாங்கியவர்களும் உண்டு. சங்கம் என்று வந்துவிட்டால் எந்த ஊரிலும் இது இருக்கத்தான் செய்கிறது.

இந்தச் சங்கத்தில் பலருடைய பெயர் இச்சி என்று முடியும். வாயிச்சி என்ற பெயரும் அப்படி வந்ததுதான். ஜப்பானிய சினிமாவில் சாட்டோயிச்சி என்று ஒரு கண்ணில்லாத வீரன் வருவான். 1962-இல் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பல படங்கள் வந்தன. அவன் தொழிலும் உடம்பு பிடிப்பதுதான். சாட்டோ என்பது பதவி, இச்சி என்பது பெயர்.

வாயிச்சி 18 வயதை ஒட்டி எடோ நகரத்துக்குப் புறப்பட்டார். இன்றைய டோக்கியோதான் அன்றைய எடோ. அங்கே யாமாசே தாகுயிச்சி என்று பெயர் பெற்ற ஊசி வைத்தியர் ஒருவர் இருந்தார். அவருக்கும் கண் தெரியாது. அவரிடம் வாயிச்சி சீடனாகச் சேர்ந்தார்.

வெளியே போகச் சொன்ன குரு

ஊசி வைத்தியம் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. அக்குபங்சர் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். உடம்பில் நூற்றுக்கணக்கான இடங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். எந்த நோய்க்கு எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று கணக்கு உண்டு. அந்த இடத்தில் மெல்லிய ஊசியைச் செருக வேண்டும். எல்லா நோயும் இதனால் தீரும் என்று சொன்னால் இன்றைய டாக்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வலி குறைகிறது என்பதைப் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து ஜப்பானில் மூலிகை மருந்துக்கு அடுத்தபடியாக ஜனங்கள் நம்பியது இந்த ஊசியைத்தான்.

வாயிச்சிக்கு இது வரவில்லை.

சொன்னதை மறந்துவிடுவார். இடத்தைத் தடவிக் கண்டுபிடித்தாலும் ஊசி சரியாக இறங்காது. மெல்லிய ஊசி வளையும். கை நடுங்கினால் நோயாளிக்கு வலிக்கும். நோயாளி கத்தினால் கை இன்னும் நடுங்கும். கண்ணுள்ளவன் ஊசி நுனியைப் பார்த்தாவது நிறுத்திக்கொள்வான். கண்ணில்லாதவனுக்கு ஒரு கையால் இடத்தைத் தொட வேண்டும், மறு கையால் ஊசியை நேராகப் பிடிக்க வேண்டும், அதே கையால் செருகவும் வேண்டும். சில வருஷங்கள் ஓடின. முன்னேற்றம் இல்லை. கடைசியில் குரு அவரை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தில் அவருடைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வாள் தூக்க முடியாது. ஊருக்குத் திரும்பினால் அதே திண்ணை. கண் இல்லாதவர்களால் செய்ய முடியும் என்று உலகம் ஒப்புக்கொண்டிருந்த தொழில்களே நாலைந்துதான். அதில் ஒன்றில் இவர் தோற்றுப்போனார். அவரைத் தள்ளியவர் கண்ணுள்ளவர் அல்ல, அவரைப் போலவே கண்ணில்லாத ஒருவர். கண் தெரியாததால் முடியவில்லை என்று சாக்குச் சொல்லக்கூட வழியில்லாமல் போயிற்று.

கடலோரக் குகை

எடோவிலிருந்து சுமார் 50 கிலோ மீட்டர் தொலைவில் எனோஷிமா என்ற சின்னத் தீவு இருக்கிறது. கரையை ஒட்டியே இருக்கும். அலை அடித்து அடித்துப் பாறையில் குகைகள் உண்டாகியிருக்கின்றன. திருச்செந்தூரில் கடலோரம் வள்ளிக் குகையைப் பார்த்தவர்கள் அந்த இடத்தை மனத்தில் கற்பனை செய்துகொள்ளலாம்.

அந்தத் தீவில் ஒரு தெய்வம். பென்சாய்டென் என்று பெயர். கையில் பீவா வைத்திருப்பாள். கல்விக்கும் இசைக்கும் அவள்தான் தேவதை. யார் என்று தெரிகிறதா? நம்முடைய சரஸ்வதிதான். பௌத்த மதத்தோடு இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போய், அங்கிருந்து ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தவள். போன இடத்தில் வீணை பீவாவாக மாறியது. வாத்தியக்காரர்கள் நிறைந்த சங்கம் ஆதலால், கண்ணில்லாதவர்களுக்கு அவள் இஷ்ட தெய்வமாக இருந்தாள்.

வாயிச்சி அங்கே போய் உணவு இல்லாமல் நோன்பு இருந்து வேண்டிக்கொண்டார் என்று சொல்கிறார்கள். பல நாள் கழிந்தது. தெய்வம் தோன்றவில்லை, வரமும் கொடுக்கவில்லை. நோன்பை முடித்துக்கொண்டு, பட்டினி கிடந்த உடம்போடு தட்டுத் தடுமாறித் திரும்பி நடந்தார். வழியில் ஒரு கல் தடுக்கியது. கீழே விழுந்தார்.

விழுந்த இடத்தில் ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தியது. கையால் தடவி எடுத்தார். ஒரு சிறிய குழல். அதற்குள் பைன் மரத்தின் ஊசி போன்ற இலை ஒன்று. குழல் மூங்கில் துண்டு என்று சிலர் சொல்வார்கள். சுருண்ட இலை என்று வேறு சிலர் சொல்வார்கள். எப்படியானாலும் விஷயம் ஒன்றுதான். அவ்வளவு மெல்லிய இலை, குழலுக்குள் இருந்ததால் வளையாமல் குத்தியது.

இந்தக் கதையில் நடந்தது எவ்வளவு, பக்தர்கள் சேர்த்தது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் குழாய் பொய்யல்ல.

குழாய் செய்த வேலை

வாயிச்சியின் பெயரைச் சொல்லும் அந்த முறை மிகவும் எளியது. ஊசியைவிடக் கொஞ்சம் நீளம் குறைந்த ஒரு மெல்லிய குழாய். ஊசியை அதற்குள் போட்டால் தலைப்பகுதி மட்டும் சிறிதளவு வெளியே தெரியும். இடது கையால் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கே குழாயை நிறுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கை விரலால் ஊசியின் தலையை மெல்லத் தட்ட வேண்டும். நீட்டிக்கொண்டிருந்த அளவு மட்டும் ஊசி தோலுக்குள் இறங்கும். பிறகு குழாயை எடுத்துவிட்டு, வேண்டிய ஆழத்துக்கு ஊசியைச் செருகலாம்.

இதனால் என்ன நடந்தது என்று பாருங்கள். ஊசி வளையாது. சாயாது. முதல் குத்தின் ஆழம் எப்போதும் ஒரே அளவு. குழாயின் விளிம்பு தோலை அழுத்திக்கொண்டிருப்பதால் குத்தும் வலியும் அதிகம் தெரியாது. முடி போன்ற மெல்லிய ஊசியைக்கூடப் பயன்படுத்தலாம். கண்ணால் பார்க்க வேண்டிய வேலையைக் குழாய் எடுத்துக்கொண்டது. மற்றதெல்லாம் விரலின் வேலை.

கண்ணில்லாதவருக்காக வந்த இந்தக் குழாயைக் கண்ணுள்ள வைத்தியர்களும் எடுத்துக்கொண்டார்கள். இன்று ஜப்பானில் மட்டுமல்ல, உலகத்தின் பல நாடுகளிலும் ஊசியைக் குழாயோடு சேர்த்தே உறையில் போட்டு விற்கிறார்கள்.

குழாய் கிடைத்துவிட்டது என்று வாயிச்சி உடனே கடை போட்டுவிடவில்லை. கியோட்டோ நகரத்துக்குப் போனார். தன்னை அனுப்பிவிட்ட குருவுக்கு வித்தை கொடுத்த இரியே குடும்பம் அங்கே இருந்தது. அவர்களிடம் சேர்ந்து முதலிலிருந்து மறுபடியும் படித்தார். அதன் பிறகுதான் எடோவுக்குத் திரும்பித் தொழில் தொடங்கினார். கியோட்டோவில் படித்த இந்தப் பகுதியைக் கதை சொல்கிறவர்கள் ஓடிக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் குகையைவிட இதுதான் பெரிய விஷயம்.

நோயாளிகள் வந்தார்கள். வலிக்காமல் ஊசி போடுகிறார் என்று பேச்சுப் பரவியது. சீடர்களும் வந்தார்கள். ஆனாலும் கெங்கியோ பதவி அவருக்குக் கிடைத்தபோது வயது ஏறக்குறைய 60 ஆகிவிட்டது.

முதிய வயதில் ஒரு பள்ளிக்கூடம்

1680-இல் சுனயோஷி என்பவர் ஜப்பானின் ஷோகன் ஆனார். சக்கரவர்த்தி பெயருக்கு இருந்தார், நாட்டை ஆண்டவர் ஷோகன்தான். நாய்களைக் கொடுமைப்படுத்தக் கூடாது என்று கடுமையான உத்தரவுகள் போட்டதால் இந்த சுனயோஷிக்கு நாய் ஷோகன் என்ற பட்டப்பெயர் வந்தது. ஜனங்கள் அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் கண்ணில்லாதவர்கள் விஷயத்தில் அவர் செய்தது கேலிக்குரியது அல்ல.

ஊசி வைத்தியத்தை வளர்க்கும்படி வாயிச்சிக்கு ஷோகனின் உத்தரவு வந்தது. 1682-இல் எடோவில் தம்முடைய இடத்திலேயே வாயிச்சி ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். அப்போது அவருக்கு வயது 72.

அதுவரை வித்தை குருவின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. குருவுக்குப் பிடித்தால் சொல்வார், பிடிக்காவிட்டால் வெளியே போகச் சொல்வார். வாயிச்சிக்கு இது நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. பாடத்துக்கு ஒரு வரிசை இருந்தது. உடம்பு பிடிக்கும் வித்தையும் உண்டு, ஊசியும் உண்டு. உடம்பு பிடிப்பதை ஜப்பானில் அன்மா என்பார்கள். எண்ணெய் போடாமல், துணியின் மேலேயே அழுத்தியும் தேய்த்தும் பிசைந்தும் செய்வது. பிடித்துப் பழகிய விரலுக்கு உடம்பு முழுவதும் ஊரின் தெருக்களைப் போல மனப்பாடமாகிவிடும். ஊசி போடும் இடத்தைத் தேட அந்த விரல்தான் வழி காட்டும்.

கண்ணில்லாத மாணவன் புத்தகம் படிக்க முடியாது. பிரெய்ல் எழுத்து பிறக்க இன்னும் 140 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. ஆகவே கேட்டுத்தான் படிக்க வேண்டும். வாயிச்சியின் பெயரில் மூன்று பாட நூல்கள் வழங்குகின்றன. கடினமான சீனப் பண்டித நடையில் இல்லாமல், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி எளிய ஜப்பானிய மொழியில் அமைந்தவை. அந்தச் சீடர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இருக்க முடியாது.

ஐரோப்பாவில் கண்ணில்லாதவர்களுக்கென்று முதல் பள்ளிக்கூடம் பாரிஸ் நகரத்தில் 1780-களில்தான் திறந்தது. வாயிச்சியின் பள்ளிக்கூடம் அதற்கு 100 ஆண்டுகள் முந்தியது.

ஒற்றைக் கண் கேட்டவர்

ஷோகனுக்கும் உடல்நலம் குன்றியபோது வாயிச்சி ஊசி போட்டார். 1692-இல் கெங்கியோக்களுக்கெல்லாம் தலைவர் என்ற பெரும் பதவி அவருக்கு வந்தது.

இதைப் பற்றி ஒரு கதை உண்டு. உடம்பு தேறிய மகிழ்ச்சியில் ஷோகன், என்ன வேண்டுமானாலும் கேளும், தருகிறேன் என்றாராம். வயது 80 தாண்டிய கிழவர், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், ஒரே ஒரு கண் வேண்டும் என்று கேட்டாராம். நாட்டையே ஆளுகிறவரால் அதைக் கொடுக்க முடியவில்லை. யோசித்தார். எடோவில் சுமிதா ஆற்றை அடுத்து ஹிட்டோட்சுமே என்ற இடம் இருந்தது. முதலாவது பாலத்தை ஒட்டிய இடம் என்பதால் வந்த பெயர். ஆனால் சொல்லைப் பிரித்தால் ஒற்றைக் கண் என்றும் பொருள் வரும். அந்த நிலத்தைக் கொடுத்துவிட்டார்.

கிழவர் உண்மையாகவே கண் கேட்டாரா, வேடிக்கையாகக் கேட்டாரா என்பது அவரவர் நினைத்துக்கொள்வதைப் பொறுத்தது. நிலம் கிடைத்தது 1693-இல்.

அந்த வயதிலும் அவர் மாதந்தோறும் எனோஷிமாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற தூரம். கிழவர் படும் சிரமத்தைப் பார்த்து, ஹிட்டோட்சுமேயிலேயே பென்சாய்டெனைப் பிரதிஷ்டை செய்துகொள்ள ஏற்பாடாயிற்று. டோக்கியோவில் அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. தெய்வத்தோடு வாயிச்சியையும் சேர்த்து வணங்குகிறார்கள். பிரெய்ல் எழுத்துப் பொறித்த கல் ஒன்றும் அங்கே உண்டு.

கோயில் கிடைத்த மறு வருஷம், 1694-இல், வாயிச்சி இறந்தார். வயது 84. அந்த நேரத்தில் இங்கே மதுரையில் ராணி மங்கம்மாள் ஆண்டுகொண்டிருந்தார்.

இரவில் கேட்ட ஊதல்

வாயிச்சிக்குப் பின் அவருடைய சீடர் மிஷிமா யாசுயிச்சி பள்ளிக்கூடங்களை வளர்த்தார். எடோவுக்கு வெளியே 45 இடங்களில் பள்ளிகள் ஏற்பட்டன.

எடோவில் இரவு நேரத்தில் ஒரு ஊதல் சத்தம் கேட்கும். கையில் தடியோடு, கண்ணில்லாத அன்மாக்காரர் தெருவில் நடந்து வருகிறார் என்று பொருள். உழைத்துக் களைத்தவர்கள் கூப்பிடுவார்கள். பிடித்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவார். இருட்டு அவருக்கு ஒரு தடையே இல்லை. யாருடைய கையையும் பிடித்துக்கொண்டு போக வேண்டியதும் இல்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. கண்ணில்லாதவன் என்றால் பாட்டுப் படி, இல்லாவிட்டால் உடம்பு பிடி என்று ஊரே தீர்மானித்துவிட்டது. எல்லாருக்கும் அது ஒத்துவருமா? ஹனாவா ஹோகியிச்சி என்று ஒருவர். 1746-இல் பிறந்தவர், சிறு பிள்ளையிலேயே பார்வை இழந்தவர். அவருக்கு வாத்தியமும் வரவில்லை, உடம்பு பிடிக்கவும் வரவில்லை, ஊசியும் வரவில்லை. வாழ்க்கையே வெறுத்துப்போனார். ஆனால் ஒரு தடவை கேட்டதை மறக்க மாட்டார். அதைக் கண்ட அவருடைய குரு படிக்க விட்டார். பிற்காலத்தில் ஜப்பானின் பழைய ஏடுகளையெல்லாம் திரட்டி 666 புத்தகங்களாகத் தொகுத்த மகா பண்டிதர் அவர்தான். 1937-இல் ஜப்பானுக்கு வந்த ஹெலன் கெல்லர் அவருடைய சிலையைத் தொட்டுப் பார்த்து வணங்கினார். வாயிச்சியின் குரு செய்யாததை ஹனாவாவின் குரு செய்தார்.

பாளையங்கோட்டையும் டோக்கியோவும்

1868-க்குப் பிறகு ஜப்பான் தலைகீழாக மாறியது. ஷோகன் போனார். மேல்நாட்டு வைத்தியம் வந்தது. 1871-இல் கண்ணில்லாதவர்களின் சங்கத்தையும் அரசாங்கம் கலைத்துவிட்டது. பல நூற்றாண்டுப் பாதுகாப்பு ஒரே உத்தரவில் போயிற்று. வாயிச்சியின் வழியில் வந்த பள்ளிகளும் மறைந்தன.

பிறகு புதிய பள்ளிகள் தோன்றின. 1878-இல் கியோட்டோவிலும், அடுத்து டோக்கியோவிலும். அங்கே மறுபடியும் அதே கேள்வி எழுந்தது. படிப்பு முடிந்ததும் பையன் என்ன செய்து பிழைப்பான்? ஒகுமுரா சன்சாகு என்ற கண்ணில்லாத ஆசிரியர் முயன்று, ஊசி வைத்தியம் பள்ளிப் பாடமாக 1880-களில் திரும்பி வந்தது. மசாஜும் பாடமாக இருந்தது. 1890 நவம்பர் 1-ஆம் தேதி, டோக்கியோ பள்ளியில் ஜப்பானிய மொழிக்கான பிரெய்ல் எழுத்து முடிவாயிற்று.

அதே 1890-ஆம் ஆண்டில்தான் தாமிரபரணிக்கரையில் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி தொடங்கியது. தொடங்கியவர் ஆஸ்க்வித் அம்மையார் என்ற மிஷனரி. சாரா டக்கர் பெண் கல்வி நிலையத்தில் பணியாற்றியவர். இந்தியாவில் இதற்கு முன் 1887-இல் அமிர்தசரஸில் ஒரு பள்ளி ஏற்பட்டிருந்தது. தென்னாட்டில் பாளையங்கோட்டைதான் முந்தியது. கோயில் வாசலில் கையேந்துவதும், தெருவில் பாடிப் பிழைப்பதும்தான் கதி என்றிருந்த பிள்ளைகள் இங்கே தடவித் தடவித் தமிழ் படித்தார்கள்.

தொழில் என்று வந்தபோது நம் நாட்டுப் பள்ளிகள் நெடுங்காலம் வேறு பக்கம் போயின. பிரம்பு நாற்காலி பின்னுவது, கூடை முடைவது, துணி நெய்வது, இசை. பத்தமடைப் பாய் நெய்கிற ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விரலின் திறமையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும் பிரம்புக்கு வேலை குறைந்தது. உடம்பு வலிக்கு அப்படிக் குறைவு வரவில்லை. மசாஜையும் பிசியோதெரபியையும் பார்வையற்றவர்களுக்குக் கற்பிக்கும் நிலையங்கள் இந்தியாவில் பிற்பாடுதான் வந்தன. இன்னும் எண்ணிக்கையில் குறைவுதான்.

நீதிமன்றம் வரை

ஜப்பானில் 1911-இல் இந்தத் தொழில்களுக்கு லைசென்ஸ் முறை வந்தது. 1947-இல் பெரிய ஆபத்து ஒன்று வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் தோற்ற ஜப்பானை அப்போது அமெரிக்கப் படை ஆண்டுகொண்டிருந்தது. ஊசியும் சூடும் விஞ்ஞானமல்ல, சுத்தமுமல்ல, நிறுத்திவிட வேண்டும் என்று அதன் சுகாதார அதிகாரிகள் நினைத்தார்கள். கண்ணில்லாதவர் ஊசி போடுவது அவர்களுக்கு ஆச்சரியமாகவும் பயமாகவும் இருந்தது. நாடு முழுவதும் பார்வையற்ற வைத்தியர்கள் திரண்டு எழுந்தார்கள். அவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. மனுக் கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், விடாமல் வாதாடினார்கள். கடைசியில் தடை வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் தொழிலை ஒப்புக்கொண்டு, படிப்பும் பரீட்சையும் வைத்துச் சட்டம் வந்தது.

இன்று அங்கே பார்வையற்றோர் பள்ளிகளில் உயர்நிலைப் படிப்பு முடித்தவர்கள் 3 ஆண்டுகள் இதைப் படிக்கிறார்கள். உடற்கூறு, நோய்க்குறி, மசாஜ், ஊசி எல்லாம் உண்டு. பிறகு தேசியப் பரீட்சை. பிரெய்லிலும் எழுதலாம். தேறியவர்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்கள், சொந்தமாக நிலையம் வைக்கிறார்கள், கம்பெனிகளில் ஊழியர்களுக்கு மசாஜ் செய்யவும் உத்தியோகம் பெறுகிறார்கள்.

கண்ணுள்ளவர்கள் இந்தத் தொழிலில் அதிகமாகப் புகுந்ததும் போட்டி வந்தது. கண்ணுள்ளவர்களுக்கு மசாஜ் கற்பிக்கும் புதிய பள்ளிகளுக்கு அனுமதி மறுக்கலாம் என்று 1964-இல் ஒரு விதி சேர்த்தார்கள். இந்த விதி தொழில் செய்யும் சுதந்திரத்துக்கு விரோதம் என்று பிற்காலத்தில் வழக்கு நடந்தது. 2022 பிப்ரவரியில் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பார்வையற்றவர்களின் பிழைப்பைக் காப்பது அவசியம், விதி செல்லும் என்று முடிவாயிற்று.

வாயிச்சியின் கல்லறை எனோஷிமாவில் இருக்கிறது. தீவின் கோயிலுக்கு ஏறிப் போகும் பாதையோரத்தில் ஒரு கல் உண்டு. அவரைத் தடுக்கி விழச் செய்த கல் இதுதான் என்று சொல்கிறார்கள். அதிருஷ்டக் கல் என்று அதற்குப் பெயர். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஏதாவது கிடந்து எடுத்தால் நல்ல காலம் வரும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. கோயிலுக்கு வருகிறவர்கள் அங்கே வந்ததும் கொஞ்சம் நின்று, கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்கள்.